அப்பாவின் லாட்டரிச் சீட்டும் ஒரு சின்ன மாத்திரையும்

வீட்டில் யாராவது பார்க்கின்சன் நோய்க்கு பிராமிபெக்சோல் சாப்பிடுகிறார்கள் என்றால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு வருஷம் வீணானது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அப்பாவைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டேன்.

நோயைக் கண்டுபிடித்ததிலோ வைத்தியம் ஆரம்பித்ததிலோ சிக்கல் இல்லை. லெவோடோபா என்ற வழக்கமான பார்க்கின்சன் மாத்திரையோடு பிராமிபெக்சோலையும் சேர்த்தார்கள். நடுக்கம் குறைந்து, அப்பா தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

எட்டு மாசம் கழித்துத்தான் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் நாங்கள் இருப்பது தென்காசி. செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. டீக்கடைக் கணக்கைக்கூட டைரியில் எழுதி வைக்கிற மனுஷன், தினமும் காலையில் அந்தப் பக்கம் பஸ் ஏறினார். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவை அம்மா கண்டெடுத்தாள். உள்ளே கட்டுக் கட்டாக லாட்டரிச் சீட்டு. பாதிக் கட்டில் ரப்பர் பேண்டைக்கூடப் பிரிக்கவில்லை. குலுக்கல் முடிவை அவர் பார்த்ததே இல்லை! அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். ஏடிஎம் கார்டைப் பிடுங்கிக்கொண்டு சத்தம்தான் போட்டேன். அவர் கடன் வாங்கினார்.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போய் வந்தோம். இரண்டு மணி நேரம் வரிசை, இரண்டு நிமிஷம் டாக்டர். "நடுக்கம் எப்படி இருக்கு?" "பரவாயில்ல சார்." அதே மாத்திரை. குடும்ப மானம் என்று நான் லாட்டரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டாமா? இந்த மாத்திரையை எழுதினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கடைசியில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள்தான் போனில் கேட்டாள்: "அண்ணே, பெரியப்பா என்ன மாத்திரை சாப்பிடுதாங்க? அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க." பார்த்ததும், "உடனே டாக்டரைப் பாருங்க" என்றாள்.

அவசரத்தில் நான் மட்டும் திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். "பேஷன்ட் வராம டோக்கன் கிடையாது. பழைய சீட்டாவது இருக்கா?" அதுவும் வீட்டில். கெஞ்சிப் பார்த்தேன், கவுன்ட்டரில் இருந்தவர் நிமிரவே இல்லை. ஒரு நாள் போச்சு. திரும்பி வந்த கோபத்தில் அன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்தினேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அது. இரண்டே நாளில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, பயம், அழுகை. இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகுமாம். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மறுபடி கொடுக்க ஆரம்பித்து, இந்தத் தடவை அப்பாவையும் எல்லாக் காகிதத்தையும் கூட்டிக்கொண்டு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனேன்.

அவர் பேனாவை எடுத்து மூளையை வரைந்தே காட்டினார். பார்க்கின்சனில் டோப்பமின் என்ற, மூளைக்குள் சேதி கடத்தும் ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் அதிகமாகச் சாவது அசைவைக் கவனிக்கிற பாதையில். ஆசையையும் பரிசையும் கவனிக்கிற நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குப் போகும் பாதை அவ்வளவாகக் கெடுவதில்லை. பிராமிபெக்சோல் டோப்பமின் மாதிரியே வேலை செய்யும். கைக்காகக் கொடுக்கிற அளவு அங்கே போய்ச் சேரும்போது அதிகப்படி ஆகிவிடுகிறது. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி ஆராய்ந்ததையும் சொன்னார். எதிர்பார்த்த சாறு வராவிட்டால் டோப்பமின் செல்கள் சட்டென்று அடங்கிப்போகும். 'ஏமாந்தாய்' என்று மூளைக்குச் சொல்வது அந்த அடங்கல்தான். மாத்திரை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேராது என்பது ஒரு விளக்கம். அமெரிக்கா, கனடாவில் 3,090 நோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படி அடக்க முடியாத பழக்கம் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. சாப்பிடாதவர்களில் 7 சதவீதம்.

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். "சீட்டு வாங்கும்போது ஒண்ணும் சந்தோசமா இல்லலே. வாங்காம இருக்க முடியல, அவ்வளவுதான்." டாக்டர் தலையாட்டினார். மூளையில் வேண்டும் என்று இழுப்பது வேறு, கிடைத்ததும் இனிப்பது வேறு, டோப்பமினுக்கு முதலாவதில்தான் பெரிய பங்கு என்றார். எனக்குப் பிரிக்காத ரப்பர் பேண்டுகள் ஞாபகம் வந்தன.

ஏழு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள், லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினார்கள். நீங்கள் போகும்போது மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதி, பழக்கம் தொடங்கிய தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எங்கள் டாக்டர் முடிவெடுத்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான். சூதாட்டம் மட்டும் இல்லை, கண்டதை வாங்கிக் குவிப்பது, ராத்திரி எழுந்து தின்பது, பாலியல் ஆசை மிதமிஞ்சிப் போவது என்று எதுவாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காகப் புனலூர் போனோம். ஆரியங்காவில் பஸ் நின்றது. லாட்டரி விற்கிறவர் அப்பாவை அடையாளம் கண்டு கை காட்டினார். அப்பாவும் கை காட்டினார். பஸ் கிளம்புகிறவரைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அம்மா பக்கம் திரும்பித் தண்ணீர் பாட்டிலை வாங்கினார். கை நடுக்கத்தில் கொஞ்சம் சட்டையில் சிந்தியது.