எண்ணாக மட்டுமே தெரிந்த நோய்

கருப்பையைச் சுத்தம் செய்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த கர்ப்பப் பரிசோதனை அட்டையை ஒரு வீம்புக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு. அன்று அழுத அழுகை தனிக்கதை.

எனக்கு வந்தது முத்துப்பிள்ளை கர்ப்பம். நச்சுக்கொடித் திசு, திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்களாக வளர்ந்துவிடும். நச்சுக்கொடி சுரக்கும், பரிசோதனை அட்டையில் கோடு விழவைக்கும் எச்.சி.ஜி. ஹார்மோனை இதுவும் சுரக்கும், பெரும்பாலும் அளவுமீறி. என் முதல் ரிப்போர்ட்டில் 1,84,000. சுத்தம் செய்தபின் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை: 6,200, 940, 410. மளமளவென்று இறங்கியதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். பிறகு 398, 405, 391.

ஏறவில்லையே, அது போதாதா என்றுதான் நினைத்தேன். டாக்டர் முகம் மாறியது. குறைந்தது மூன்று வார காலத்தில் எடுத்த நான்கு அளவுகளும் பத்து சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நின்றுவிட்டால், மிஞ்சிய திசுவைப் புற்றுநோயாகவே கருதி மருந்து தொடங்குவார்களாம். எனக்கோ ஸ்கேனில் கட்டி இல்லை, மார்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டேன். "இந்த நோய்க்கு இந்த எண்ணே போதும்மா" என்றார்.

மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து ஒருநாள் ஊசி, மறுநாள் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலினிக் அமிலம். இப்படி எட்டு நாள், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. வாய்ப்புண்தான் படுத்தியது. நடுவில் அவசரத்துக்கு வேறு லேபில் ரத்தம் கொடுத்தேன், எண் கூடுதலாக வந்து ஒரு இரவு தூக்கம் போனது. லேபுக்கு லேப் கருவி மாறும், அளவும் மாறும். கடைசிவரை ஒரே லேபில் கொடுங்கள்.

மூன்றாவது சுற்றில் எண் 5-க்குக் கீழே, நார்மலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் மூன்று சுற்று என்றபோது எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் மின் சியு லீ என்ற புற்றுநோய் மருத்துவரைப் பற்றிப் படித்தேன். 1950களில் இதே மருந்தை, கண்ணுக்குத் தெரிந்த கட்டிகள் மறைந்தபிறகும், ஹார்மோன் மிச்சமிருக்கிறது என்பதற்காகவே தொடர்ந்து கொடுத்தவர். அதற்காக அவர் வேலையே போனது. நிறுத்தாமல் மருந்து பெற்ற நோயாளிகள் பிழைத்தார்கள். அதன்பிறகு நான் முணுமுணுக்கவில்லை.

இப்போது மாதம் ஒரு பரிசோதனை, ஒரு வருடத்துக்கு. அதுவரை கருத்தரிக்கக் கூடாது. உண்மையான கர்ப்பமும் இதே ஹார்மோனைத்தான் ஏற்றும், நோய் திரும்பினால் பிரித்தறிய முடியாது. எட்டு முடிந்தது, நான்கு பாக்கி.