மலிவு ரைபிளை மதிப்பிடுவது: பென்னாகரத்துக்கு வந்த இடத்தில் எழுதியது

பென்னாகரம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி என்றாலே வயிற்றைக் கலக்கும். எங்கள் சிறுவயது முழுக்க வீரப்பன் தேடுதல் வேட்டையோடு ஓடியது. சாலையில் அதிரடிப் படை வண்டி போனால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அந்தக் கதை முடிந்தபோதும் அச்சம் உடனே விலகிவிடவில்லை. அந்த மண்ணிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவன் உரிமம் எடுத்து, கடையில் நின்று விலை பேசி, வேட்டை ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறான் என்பதை ஊரில் யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பொங்கலுக்கு வந்த என்னிடம் மாமா ஒருவர்தான் அச்சமில்லாமல் கேட்டார். "விலை குறைந்த சாமான் என்கிறாய். அது தேறும் என்று எதை வைத்து முடிவு செய்தாய், மாப்பிள்ளை?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மாமா ஆலம்பாடி மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தட்டுவார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் சொல்லும் விலையைக் கடைசியாகத்தான் காதில் வாங்குவார். ரைபிளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள்.

ஓசூரில் லேத் ஓட்டிய அனுபவத்தோடு ரெட் டீர் நகருக்குப் போனவன் நான். அங்கே எண்ணெய்க் கிணறுகளுக்குக் குழாய் மரை வெட்டும் பட்டறையில் வேலை. நவம்பர் வந்துவிட்டால் பட்டறையில் பாதிப் பேர் மான் வேட்டைக்கு விடுப்பு எடுப்பார்கள். ஒரு மான் கிடைத்தால் குளிர்காலத்தில் பெரும்பகுதிக்கு இறைச்சிச் செலவு இல்லை. அவர்களுக்கு அது வீரம் காட்டும் விளையாட்டு அல்ல, குடும்பத்துக்கு உணவு சேர்க்கும் வழி. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கும் ஆசை வந்தது.

உரிமம் எளிதில் கிடைப்பதில்லை, அப்படிக் கிடைக்கவும் கூடாது. முதலில் பாதுகாப்பு வகுப்பு. அதன் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்திடவும் ஓர் இடம் இருக்கிறது. அவர் கையெழுத்திடாவிட்டால் அதிகாரிகளே அவருக்குத் தகவல் தெரிவிப்பார்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். என் மனைவி கையெழுத்திடும் முன் கேட்ட கேள்விகள் வகுப்பில் கேட்டவற்றைவிடக் கடினமானவை. வேட்டைக் கல்வியும் வேட்டை உரிமமும் இதில் சேராதவை, அவற்றைத் தனியாக முடிக்க வேண்டும்.

இனி ரைபிளுக்கு வருகிறேன். போல்ட் ரைபிள் என்பது குழலின் பின்புறத்தை மூடும் தாழ்ப்பாளான போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை. நம் ஊர்க் காவலர் தோளில் தொங்கிய .303 அந்த இனம்தான். இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைபிளும் அதே லீ என்ஃபீல்டு வழிவந்தது. கனடாவிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட லீ என்ஃபீல்டுகளால்தான் இரண்டு மூன்று தலைமுறை மான் வேட்டையாடியது. வட எல்லையைக் காக்கும் கனேடிய ரேஞ்சர்கள் 1947 முதல் அதைத்தான் சுமந்தார்கள். 2018இல்தான் அதற்குப் பதிலாகப் புதிய ரைபிள் வரத் தொடங்கியது. இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்று கடையில் மலிவு வரிசை என்றால் சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட் போன்றவை. எங்கள் பக்கத்துக் கடைகளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ஆக்சிஸ் ஏறக்குறைய 600 டாலர். ஃபின்லாந்தின் டிக்கா வேண்டுமென்றால் ஸ்கோப் இல்லாமலே அதைப்போல் இரு மடங்கு ஆகும். இந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதில்தான் மதிப்பீடே இருக்கிறது.

லேத் பிடித்தவனுக்கு இது சுவையான விஷயம். பழைய முறையில் குழலின் மரையையும் தோள்பட்டையையும் மிக நுணுக்கமாக வெட்டி, அது ரைபிளின் உடலுக்குள் (போல்ட் ஓடும் நடுப்பாகம்) சரியான ஆழத்தில் போய் நிற்கும்படி தேர்ந்த கைவினைஞர் பொருத்த வேண்டும். அந்த ஆழம் தவறினால் தோட்டா அமரும் இடைவெளி கெடும், வெடிக்கும்போது ஆபத்து. சாவேஜ் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த 110 மாடலில் குழலின் மேல் ஒரு நட்டை மாட்டியது. கேஜை (தோட்டா வடிவ அளவுக்கட்டையை) உள்ளே வைத்துக் குழலைத் திருகு, அளவு வந்ததும் நட்டை இறுக்கு, வேலை முடிந்தது. கைத்திறன் கூலி குறைந்தது, துல்லியம் குறையவில்லை. இன்றைய மலிவு ரைபிள்கள் பலவற்றில் அந்த நட்டு இருக்கிறது. அழகு பார்ப்பவர்கள் அதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அது ரைபிளிலேயே மெச்சத்தக்க பாகம்.

குழலிலும் பெரிதாகக் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ரூகர் குழலைக் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்தே, தோட்டாவைச் சுழலவைக்கும் உள்வரிகளை உருவாக்குகிறார்கள்; எந்திரம் அடிப்பதால் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்குகிறது. நல்ல தோட்டா போட்டால் மலிவு ரைபிள்கூட 100 மீட்டரில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சுடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம். அதற்கு மேல் துல்லியத்துக்குக் கொட்டும் பணம் வேட்டைக்காரனுக்குத் தேவையற்றது என்பது என் உறுதியான கருத்து.

கஞ்சத்தனம் தெரிவது தோளில் பதிக்கும் கட்டையிலும், தோட்டா நிரப்பும் மேகசினிலும், சுட இழுக்கும் விசையிலும்தான். கட்டை வெறும் வார்ப்பு பிளாஸ்டிக். கடையில் நான் ஒரு தாளைக் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே விட்டு, நுனியிலிருந்து உடல் வரை இழுத்துப் பார்த்தேன். தாள் தடையில்லாமல் போனது. பிறகு கட்டையின் முன்பகுதியை விரலால் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தேன். ஒரு ரைபிளில் தாள் பாதியில் சிக்கிக்கொண்டது. அதாவது வேலிக்கம்பத்தில் சாய்த்துச் சுட்டாலோ தோள்வாரை இறுக்கினாலோ கட்டை வளைந்து குழலைத் தொடும், தோட்டா வேறு இடத்தில் விழும். அடுத்த ரைபிளில் அழுத்தினாலும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரே விலை, ஒரே அலமாரி. விற்பனையாளரான முதியவர் நான் செய்ததைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு ரைபிள்களை எடுத்துக் கொடுத்தார்.

அதன் பின் போல்ட். ஆக்சிஸ் போல்ட்டை 90 பாகை தூக்க வேண்டும். போல்ட்டைப் பூட்டும் பற்கள் மூன்று கொண்ட ரூகருக்கு 70 பாகை போதும். எண்ணிக்கையில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் தடித்த கையுறை போட்ட விரலுக்கும் மேலே உள்ள ஸ்கோப்புக்கும் நடுவே அந்த இடம் வேண்டும். விசை கனமாக இருந்தால் இழுக்கும்போதே ரைபிள் அசையும். ஆக்சிஸின் தொடக்க கால விசை அப்படிப்பட்டதுதான், பிந்தைய வகைகளில் திருத்திவிட்டார்கள். மேகசினைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி தளர்வாக இருந்தால் பனிக்காட்டில் அது கழன்று விழுந்து தேடிக்கொண்டிருக்க நேரும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றப் பளபளப்பு எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

மலிவு ரைபிளோடு சேர்த்தே விற்கும் ஸ்கோப்தான் பெரும்பாலும் முதலில் ஏமாற்றும். அந்தி வெளிச்சத்தில் மங்கிவிடும். மானோ அந்த நேரத்தில்தான் வெளியே வரும். ரைபிளில் மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்பில் போடுங்கள், மீதியைத் தோட்டாவில் போட்டுப் பயிற்சி எடுங்கள். .308 போன்ற பரவலான தோட்டா அளவுள்ள ரைபிளை எடுத்தால் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். 20 தோட்டா உள்ள பெட்டி 40 டாலரை ஒட்டி வருகிறது. பெயர் கேள்விப்படாத புது அளவுகளில் மலிவாக ரைபிள் கிடைத்தால் தோட்டா விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று குளிர். மைனஸ் 25இல் போல்ட்டில் உள்ள எண்ணெய் பிசின்போல் இறுகிவிடும். வாங்கிய அன்றே போல்ட்டைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிதாகப் பூச வேண்டும். வீட்டில் போல்ட்டைத் தனியே எடுத்துப் பூட்டி வைக்கிறேன். சட்டம் அனுமதிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று, என் மனைவிக்கும் அதுதான் நிம்மதி.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம் கேழ்வரகுக் கொல்லைக்கு இப்படி ஒன்று கிடைக்குமா?" என்றார். அவர் இரவெல்லாம் பரணில் தகரம் தட்டிப் பன்றி விரட்டுபவர். கிடைக்காது, மாமா என்றேன். இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்கு உரிமம் கேட்க வழி இருந்தாலும் அது குழலின் முன்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குத்தான், சுடுவதற்கான அனுமதி அதில் வராது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைக்கூட வனத்துறையினர் மட்டுமே சுடலாம் என்று 2025இல் அரசு சொன்னது. கனடாவில் காடு பெரிது, ஆள் குறைவு. எத்தனை மான் எடுக்கலாம் என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டு அனுமதி தருகிறார்கள். இரண்டு ஊரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் விளைந்த கதிரை ஒரே இரவில் இழக்கும் அவர் வேதனை நியாயமானது, அதற்கு நல்ல வேலியும் தாமதமில்லாத இழப்பீடும் வேண்டும்.

பழைய ரைபிள் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. மரக்கட்டை போட்ட பழைய சாவேஜ் 110 நல்ல குழலோடு கிடைத்தால் புது ஆக்சிஸைவிட மேல். குழலுக்குள் விளக்கடித்து வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா, துருக்குழி இருக்கிறதா என்று பாருங்கள். 2022 மே முதல், தனியாரிடம் வாங்கினாலும் விற்பவர் உங்கள் உரிமத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்துக் குறிப்பு எண் பெற்ற பிறகே ரைபிளைக் கையில் தர வேண்டும். அந்த எண்ணைக் கேட்டால் சலித்துக்கொள்ளும் ஆளிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.