நீர்க்கட்டியின் பேரன்

வாலாஜாபேட்டைக்கு அருகே பாலாற்றின் குறுக்கே நிற்கும் அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து நீர் பெறும் ஏரி ஒன்றில் என் தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீர்க்கட்டியாக, அதாவது ஏரி நீரைத் திறந்து மூடி வயல்களுக்குப் பங்கிடுபவராக, இருந்தார். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) கொண்ட ஏரிகள் எங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் வருவதால், பின்னாளில் அதே ஏரியைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பொறியாளராக நான் பணியில் சேர்ந்தேன். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று மதகுகளில் திருகித் திறக்கும் இரும்புக் கதவுகள் இருக்கின்றன. தாத்தாவின் காலத்தில் ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள துளையை, நீண்ட கழியில் பொருத்திய மரக்கட்டை ஒன்று அடைத்திருக்கும். கட்டையில் செத்தை சிக்கிக்கொண்டால் அவர் கழியைப் பிடித்தபடி மூச்சடக்கி உள்ளே இறங்கி, இருட்டில் கையால் தடவி அதை எடுத்துவிட்டு மேலே வருவார். அப்படி மூழ்கி மூழ்கி அவருடைய வலது காது கேட்காமலே போய்விட்டது. நாங்கள் எப்போதும் இடப்பக்கம் போய்த்தான் அவரோடு பேசுவோம்.

நவரைப் பட்டத்தில் ஏரி நீர் குறையத் தொடங்கும்போதுதான் அவருடைய வேலை கடினமாகும். யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்த வாய்க்காலை எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் மனத்தில்தான் இருந்தன. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. “தொறக்க ஆரு வேணும்னாலும் தொறப்பாங்க நைனா, மூடறதுக்குத்தான் ஆள் வேணும்” என்பார். கடைமடை நனையும் வரை, மேல்மடைக்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருக்கு இரண்டாவது முறை தண்ணீர் கிடையாது.

எங்கள் பக்கத்து ஊர்களில் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தனக்கென்று வயல் இல்லாதவன் எந்த வயலுக்கும் சாயமாட்டான் என்பது ஊரின் கணக்கு. அறுவடை முடிந்ததும் களத்தில் அவருக்குரிய சுதந்திரத்தை, அதாவது அவர் வேலைக்கான நெல் பங்கை, மரக்காலில் அளந்து போடுவார்கள். ஊரின் நெல்லுக்கெல்லாம் நீர் பங்கிட்ட மனிதர், களத்தின் ஓரத்தில் துண்டை விரித்து, கடைசியாக அளக்கப்படும் வரை நின்றார் என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததால் அது அவருக்கு வலிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை.

மழைக்காலத்து இரவுகளில் அவர் கரையின் மேல் நடப்பதில்லை. கரைக்குப் பின்புறம், வயல் பக்கத்து அடிவாரத்தில்தான் நடப்பார். சிறுவனாக நான் லாந்தரைத் தூக்கிக்கொண்டு அவருடன் போயிருக்கிறேன். மடியில் ஒரு டீக்கடைக் கண்ணாடி டம்ளர் இருக்கும். கசிவு தென்பட்ட இடத்தில் அதை நிரப்பி, பின்னால் விளக்கைப் பிடிக்கச் சொல்லி, வெகுநேரம் உற்றுப் பார்ப்பார். “தெளிஞ்சு வந்தா தூங்கு. கலங்கி வந்தா ஊரை எழுப்பு.” கல்லூரியில் மண் அணைகளைப் பற்றிய பாடத்தில், கசியும் நீர் கரையின் மண்ணை உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வருவதை ஆசிரியர் விளக்கிய அன்று, எனக்கு அந்த டம்ளர்தான் கண்முன் வந்தது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. 19ஆம் தேதி அணைக்கட்டைக் கடந்த நீர் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல். எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின், ஏரியைக் கண்காணிக்கும் எங்கள் துறை ஊழியரான லஸ்கர் என்னை அழைத்து, மதகுக்குத் தெற்கே கரையடியில் நீர் கொப்பளிப்பதாகச் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் களிமண் மூட்டைகளோடு அதை அடைக்கத் தயாராக நின்றிருந்தார்கள். நான் முதலில் டம்ளர் கேட்டேன். அலைபேசி வெளிச்சத்தில் நீர் பால்தேநீரைப் போலக் கலங்கியிருந்தது.

“தண்ணிய அடைக்காத, மண்ணப் புடி” என்று தாத்தா அடிக்கடி சொன்னதை அன்றுதான் நான் கைகளால் செய்தேன். ஒரு வழியை அடைத்தால் நீர் வேறு வழி தேடி இன்னும் அதிகம் அரிக்கும். நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். கொப்பளிக்கும் இடத்தின் மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்பி, சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கினோம். களிமண்ணை ஒதுக்கச் சொன்னதற்கு ஒரு முதியவர் கடுமையாகக் கோபித்தார். அவருடைய அச்சம் நியாயமானதுதான். டம்ளரை மறுபடி மறுபடி நிரப்பிப் பார்த்தோம். நான்கரை மணிக்கு மேல் அதன் அடியில் மண் படிவது நின்றது.

அந்த ஏரியின் கோப்பில் கரையின் நீளம், மதகின் அடிமட்டம், கொள்ளளவு எல்லாம் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகள் அதைக் காத்தவரின் பெயருக்கு அதில் இடமில்லை. எங்கள் பிரிவின் லஸ்கர்கள் அனைவருக்கும் அந்த ஆண்டே கண்ணாடி டம்ளர் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன்பு அலைபேசி ஒலித்தது. கரையடியில் நின்றபடி லஸ்கர் பேசினார்: “தெளிவாத்தான் வருது சார்.”

நான் திரும்பிப் படுத்துத் தூங்கினேன்.