வழிக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று

2025 மே 6, செவ்வாய்

நீளப் பைக் பயணத்தில் வழி பார்க்க ஃபோனே போதும் என்கிறார்கள் எல்லாரும். அண்ணன் மட்டும் படுத்தபடியே "போதாதுடா" என்றான். ஏன் என்று கேட்பதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

ராத்திரி அதையே படித்துக்கொண்டிருந்தேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. திறன் கூடிய மோட்டார்சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஐஃபோனை மாட்டினால், நாளடைவில் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று. கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் இருக்க, லென்ஸை இம்மி இம்மியாக நகர்த்தும் அமைப்பு உள்ளே இருக்கிறது. அடி வாங்குவது அதுதான். ஸ்கூட்டருக்குக்கூட அதிர்வு உறிஞ்சும் மவுண்ட் போடுவது நல்லது என்கிறார்கள். என் வண்டி ஒற்றை சிலிண்டர். 90 கி.மீ. வேகத்தைத் தொட்டால், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று கண்ணாடியில் தெரியாது.

கேமரா போனால் போகட்டும். அண்ணன் சொல்ல வந்தது இது இல்லை என்று படுகிறது.

மே 7, புதன்

அண்ணனின் ரிப்போர்ட் வரவில்லை.

மே 8, வியாழன்

வீட்டிலேயே ஒரு சோதனை. ஃபோன் மேல் தண்ணீர் தெளித்தேன். அதன் நீர்காப்பு எண் ஐபி68, அதனால் சாகவில்லை. ஆனால் திரையில் நின்ற சொட்டுகளை விரல் என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தைத் தானே பெரிதாக்குகிறது, தானே சுருக்குகிறது, எங்கோ ஓர் ஏரியில் போய் நிற்கிறது. கிளவுஸ் போட்ட என் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. சார்ஜரைச் செருகினால், போர்ட்டில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி ஏற்ற மறுத்துவிட்டது. மழை விடாமல் பெய்கிற நாளில் போர்ட் எப்போது காய்வது?

நீர்காப்பு எண்களையும் புரிந்துகொண்டேன். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். அது நிற்கிற தண்ணீர். பீச்சியடிக்கிற தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனை உண்டு. 7-இல் தேறியதால் 5-இலும் தேறிவிட்டதாக ஆகாது. 80 கி.மீ. வேகத்தில் மழைக்குள் போகிறவனுக்கு எந்த எண் முக்கியம் என்று பெட்டி மேல் யாரும் எழுதுவதில்லை.

கார்மின் ஸூமோ எக்ஸ்டி மாதிரி பைக்குக்கென்றே செய்த கருவிகளைப் பார்த்தேன். 5.5 அங்குலத் திரை, கிளவுஸோடு தொடலாம், வெயிலில் படிக்கலாம். இதையெல்லாம் விளம்பரத்தில் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் மவுண்ட். கரண்ட் அதன் உலோக முனைகள் வழியாக ஏறுகிறது. செருக வேண்டிய வயர் இல்லை, வாயைத் திறந்துகொண்டு நிற்கும் போர்ட் இல்லை.

வெயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஐஃபோனுக்குச் சொல்லியிருக்கும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி. வரைபடமும் ஓடி, சார்ஜும் ஏறி, மேலே வெயிலும் அடித்தால் திரை மங்கும், சார்ஜ் நிற்கும். ஒயர்லெஸ் சார்ஜ் என்றால் அதன் சூடு வேறு.

மே 9, வெள்ளி

அண்ணி ஃபோன். பெயரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. "தம்பி, உங்க அண்ணன் அந்தப் பழைய பெட்டியை உங்களுக்குத் தரச் சொல்றார்" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

மே 10, சனி

அண்ணனின் ஜிபிஎஸ். கைக்கு அடக்கமானது, தொடுதிரை கிடையாது, பொத்தான்கள்தான், இரண்டு ஏஏ பேட்டரி. 2008-இல் வாங்கினான். மொட்டை மாடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

நெடுநேரம் ஆயிற்று. ஃபோன் நொடியில் இடத்தைச் சொல்வதற்குக் காரணம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவல் அதற்கு நெட் வழியாக முன்பே வந்துவிடுவதுதான். இது எல்லாவற்றையும் வானத்திலிருந்தே கேட்டுக்கொள்ள வேண்டும். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வருகிற தகவல், நொடிக்கு 50 பிட். முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம். இடத்தை உயரத்தோடு சொல்ல நாலு செயற்கைக்கோளாவது வேண்டும். மூன்றில் வெகுநேரம் நின்றது. சின்னப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நாலாவது வந்தது. இடம் சரி, மணி சரி. தேதி மட்டும் 2005 செப்டம்பர் 24.

வாங்குவதற்கு மூன்று வருஷம் முந்தைய தேதி! பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. ஜிபிஎஸ் வாரங்களை 10 பிட்டில், அதாவது 0 முதல் 1,023 வரை மட்டும் எண்ணுகிறது. 1,024 வாரம் ஆனதும் எண் மறுபடி பூஜ்யம். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதற்கான மென்பொருள் ஏற்றாத பழைய கருவிகள் அன்றிலிருந்து சுமார் 19 வருஷம் 7 மாதம் பின்னால் நிற்கின்றன. முழு வாரங்களாகவே பின்னால் போவதால் கிழமை மட்டும் தப்பாது. 2005 செப்டம்பர் 24-உம் சனிக்கிழமைதான். பழைய கருவி வாங்குகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். வழி காட்டுவதில் அதனால் குறை இல்லை.

உள்ளே அவன் போன பாதைகள் அப்படியே இருக்கின்றன. 2011-இல் போன அந்த நீளப் பாதையும். ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. ஓர் இடத்தில் மட்டும் கோடு சிக்கெடுக்காத நூல் மாதிரி முடிச்சு விழுந்து கிடக்கிறது. வண்டி நின்றாலும் கருவி குறித்துக்கொண்டே இருக்கும். சிக்னலில் உள்ள சின்னச் சின்னப் பிழையால் புள்ளி சில மீட்டர் இப்படியும் அப்படியும் அலையும். நிற்க நிற்க முடிச்சு பெரிதாகும். இது பெரிய முடிச்சு. சுற்றி ஊர் எதுவும் இல்லை. அங்கே ஏன் அவ்வளவு நேரம் நின்றான்?

மே 11, ஞாயிறு

அண்ணன் போட்டுவைத்திருந்த ஜிபிஎக்ஸ் ஃபைலை (பயண வழியைக் கருவிகளுக்குள் பகிர்கிற ஃபைல்) ஃபோனிலும் இதிலும் ஏற்றினேன். ஒரே ஃபைல், இரண்டு வழி. நூறு கி.மீ.க்கு மேல் வித்தியாசம்.

ஃபைலில் 'ரூட்' என்றால் உள்ளே வெறும் புள்ளிகள்தான். நடுவில் எந்தச் சாலை என்பதைக் கருவி தானே முடிவு செய்யும். வேகமான வழி, குட்டையான வழி, டோல் தவிர்க்கும் வழி என்று எதை வைத்திருக்கிறோமோ அதன்படி. 'ட்ராக்' என்றால் சில மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் கோடு முழுவதும் பதிந்திருக்கும். கருவிக்கு அங்கே சொந்தக் கருத்து கிடையாது. நீளப் பயணத்துக்கு ஃபைல் அனுப்புகிறவர்கள் பாதிப் பேர் ரூட்டை அனுப்பிவிட்டு, 'நான் போன வழியிலேயே வா' என்கிறார்கள். எந்த வழியில்?

ரூட்டுக்குள்ளேயே இன்னொரு வம்பும் உண்டு. கண்டிப்பாகத் தொட்டே ஆக வேண்டிய புள்ளி ஒரு வகை, வழியை இந்தப் பக்கம் இழுப்பதற்காக மட்டும் வைத்த புள்ளி இன்னொரு வகை. முதல் வகைப் புள்ளி ஒன்றைத் தாண்டிவிட்டால், "திரும்பு, திரும்பு" என்று கருவி உயிரை எடுத்துவிடும்.

அவன் ரூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 2011-இன் ட்ராக்கையே எடுத்துக்கொண்டேன். நடுவில் புதிதாக வந்த சாலைகளுக்காக, பொதுமக்களே சேர்ந்து வரைகிற இலவச ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றினேன். அடியில் இன்றைய வரைபடம், மேலே அவன் கோடு.

மே 12, திங்கள்

முடிச்சைப் பற்றிக் கேட்டேன். "ஞாபகம் இல்லைடா" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். ஞாபகம் இருக்கிறது.

வழியில் பார்க்க வேண்டிய ஓர் இடத்தை மட்டும் எண்ணாகச் சொன்னான். டிகிரிக்குப் பின்னால் 30 என்றான். "அது நிமிஷமாண்ணா, தசமமா?" என்று கேட்டதற்குச் சிரித்தான், இந்த வாரத்தில் முதல் தடவையாக. 30 நிமிடம் என்றால் அரை டிகிரி, அதாவது 0.5. அதை 0.30 என்று போட்டால் வடக்கு தெற்கில் 22 கி.மீ. தள்ளிப் போய் நிற்போம்.

மே 13, செவ்வாய்

வயரிங் முடிந்தது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே, அப்புறம் 12 வோல்ட்டை 5 ஆக்கும் சின்னப் பெட்டி. சாவியை அணைத்தால் கரண்ட் நிற்கும். ரிலே இல்லாமல் நேராகக் கொடுத்துவிடலாம் என்றார் மெக்கானிக். வேண்டாண்ணே, காலையில் வண்டி கிளம்பாமல் தள்ளிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை என்றேன்.

மே 15, வியாழன்

ஓட்டிப் பார்த்தேன். டாங்க் அருகே தாழ்வாக மாட்டினால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். இரண்டு நொடி குனிந்தால் 40 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. ஸ்பீடோமீட்டருக்கு மேலே தூக்கி மாட்டினேன். பார்வை சாலையை விட்டு அதிகம் விலகாமலே தெரிகிறது.

ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 75. ஜிபிஎஸ்ஸைத்தான் நம்புவேன். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள்.

வண்டி நின்றதும் அம்பு கிறுக்குப் பிடித்தாற்போல் சுற்றுகிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, நகர்ந்தால்தான் தெரியும். நாற்சந்தியில் நின்று யோசிப்பதைவிட பத்து மீட்டர் உருட்டிப் பார்ப்பது மேல்.

வயரைச் செருகாமல் பேட்டரியில் ஓட்டியபோது, குழி ஒன்றில் இறங்கியதும் கருவி அணைந்துவிட்டது. பேட்டரி ஸ்பிரிங்கை விட்டு ஒரு கணம் விலகியிருக்கும். மூடிக்குள் மடித்த ரப்பர் துண்டு ஒன்றை வைத்து அழுத்தியபின் அணையவில்லை.

மே 16, வெள்ளி

இப்போது புரிகிறது அவன் சொன்னது.

ஃபோனால் முடியாது என்று இல்லை. டேட்டா இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டால் போதும். புது ஃபோன்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பள்ளத்தாக்குக்குள் அண்ணனின் பெட்டியைவிட அவைதான் கெட்டி. ஆனால் அண்ணனின் ரிப்போர்ட் பற்றி எனக்கு அழைப்பு வர வேண்டியது இந்த ஃபோனில். ஹேண்டில்பாரில் மாட்டி, நனைந்து, சூடேறி, சார்ஜ் ஏறாமல் அது செத்துப்போனால் வழியும் போச்சு, அழைப்பும் போச்சு. வழி தெரியாவிட்டால் யாரையாவது கேட்கலாம்.

ஃபோன் ஜாக்கெட்டின் உள் பையில், பாலிதீன் உறைக்குள். வழிக்குப் பழைய பெட்டி. ஸூமோ வாங்கும் யோசனை அப்புறம்.

மே 18, ஞாயிறு

ரிப்போர்ட் திங்கட்கிழமை வந்துவிடும் என்கிறார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டேன். பதில் இல்லை.

மே 19, திங்கள்

வரவில்லை. "நீ கிளம்பு" என்றான்.

மே 20, செவ்வாய்

கிளம்பியாயிற்று. முதுகு வலி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 21, புதன்

பகல் முழுக்க மழை. பொத்தானை கிளவுஸோடு அழுத்தினேன், அழுந்திற்று. இதைப் போய் சாதனை மாதிரி எழுதுகிறேன்.

மதியம் அவன் கோடு ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம். 2011-இல் இல்லாத பாலம் இப்போது இருக்கிறது. பாலத்தில் போகும்போது திரையில் நான் ஆற்றுக்கு நடுவில், அவன் இடது பக்கம் சுற்றிக்கொண்டு போகிறான். அக்கரையில் கோடு மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஒதுங்கும்போதெல்லாம் ஃபோனை எடுத்துப் பார்க்கிறேன். எடுக்காமல் இருந்தால்தான் அது நனையாது.

மே 22, வியாழன்

முடிச்சு வரும் என்று காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரில் வரிசையாக லாரிகள், ஒன்றையொன்று முந்திக்கொண்டு. ஓரமாக ஒதுங்கி ஒதுங்கித் தாண்டி, மறுபடி திரையைப் பார்த்தபோது முடிச்சு 3 கி.மீ. பின்னால் இருந்தது. திரும்பிப் போகவில்லை. போனால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? அவன் வாயால் சொன்னால்தான் உண்டு.

இன்றைய ட்ராக்கைச் சேமித்துவைத்தேன். தேதி 2005 அக்டோபர் 6 என்று பதிந்திருக்கிறது.

மே 23, வெள்ளி

மலைக்குள் டவரே இல்லை. மதியம் ஒரு வளைவில் பை அதிர்ந்தது. நிறுத்தி எடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. தவறிய அழைப்புகள் என்று செய்தி மட்டும் வந்து கிடக்கிறது. எல்லாம் அண்ணியின் எண்.

வளைவுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தேன், சிக்னல் எடுக்கவில்லை. பெட்டியில் அடுத்த ஊர் 11 கி.மீ. பேட்டரிப் பட்டை ஒன்றுதான் மிச்சம். 5 வோல்ட் பெட்டி காலையிலிருந்து வேலை செய்யவில்லை, ஃப்யூஸாக இருக்கும், அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். புது ஏஏ இரண்டு போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.