லூனவில் ஊசியில் ஒரு ரிப்பன் முடிச்சு

ஆறு வருடமாக ஆரி வேலை செய்கிறேன். அதே கொக்கி ஊசிதானே என்று நம்பித்தான் பிரான்சின் லூனவில் எம்பிராய்டரியைக் கையில் எடுத்தேன். முதல் இரண்டு நாள் ஒரு சமிக்கிகூடத் துணியில் நிற்கவில்லை.

ஆசையைக் கிளப்பியது ஓர் ஓவியம். 15ஆம் லூயி மன்னரின் காதலியும் அரசவையில் பெரும் செல்வாக்கு பெற்றவருமான மதாம் த பொம்பதூர், தையல் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். துருவே என்ற ஓவியர் 1763இல் தொடங்கிய படம் அது. பொம்பதூர் இறந்த பிறகு, 1764இல்தான் முடிந்தது. அந்தக் கைவேலையை பிரெஞ்சில் 'தம்பூர்' என்கிறார்கள். மத்தளத்துக்குத் தோலை இழுத்துக் கட்டுவதுபோலத் துணியைக் கட்டுவதால் வந்த பெயர். இது நம் நாட்டுக் கொக்கித் தையலிலிருந்து போனது என்பதே பரவலான கருத்து. அரசவைப் பெண்களுக்கு அது பொழுதுபோக்கு. பின்னால் அதுவே லொரேன் பகுதியிலுள்ள லூனவில் ஊர்ப் பெண்களுக்குப் பிழைப்பானது.

வித்தியாசம் இதுதான். ஆரியில் துணியின் நல்ல பக்கம் நம்மைப் பார்த்திருக்கும், மணி விழுவது கண்ணுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லூனவில்லில் மணியும் சமிக்கியும் வைக்கத் தொடங்கியபோது துணியைக் கவிழ்த்துவிட்டார்கள். மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துக்கொள்ள வேண்டும். சட்டத்துக்கு அடியில் இடது கை ஒவ்வொன்றாக மேலே தள்ளும். மேலிருந்து ஊசி நூலை மட்டும் கவ்வி வரும். நம் கண்ணுக்குத் தெரிவது வெறும் சங்கிலித் தையல்தான். அழகு முழுக்க அந்தப் பக்கம்.

ஊசிப் பிடியில் ஒரு சின்ன திருகு இருக்கும். அது எந்தப் பக்கமோ, கொக்கியின் வாயும் அந்தப் பக்கம். குத்தும்போது போகிற திசையில், எடுக்கும்போது அரைச்சுற்று திருப்பி. இந்தத் திருப்பலைப் பழகவே நான்கு மாலைகள் போயின. ஆர்கன்சா என்ற மெல்லிய துணியில் ஒவ்வொரு தவறும் ஒரு ஓட்டை.

என் தவிப்பைப் பார்த்த அம்மா கேட்டார்: "பூ கட்டும்போது நான் பூவையா பாத்துக்கிட்டு இருக்கேன்?" டி.வி. பார்த்தபடியே மல்லிகையை இரண்டிரண்டாக அடுக்கும் அவர் விரல்களை அன்று முழுக்கக் கவனித்தேன். மறுநாள் கீழே குனிந்து பார்ப்பதை நிறுத்தினேன். அந்த மாலையில்தான் முதல் வரிசை நின்றது.

எடுத்துக்கொண்ட வடிவம் ரிப்பன் முடிச்சு. பொம்பதூர் காலத்து உடைகளின் மார்பில் ஏணிப்படிபோல வரிசையாக வைப்பார்களே, அதில் ஒன்று. நான்கு அங்குல அகலம், வெள்ளிச் சமிக்கி, ஓரத்துக்கு சுகர் பீட்ஸ் என்ற பொடி மணிகள். கவிழ்த்துத் தைப்பதால் படத்தைத் திருப்பி வரைய வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். வலப்பக்கம் நீள வேண்டிய வால் இடப்பக்கம் நீண்டது. இரண்டாவதில் அதைச் சரிசெய்தேன். ஆனால் கடைசியில் நூல் பிரியாதபடி லாக் போடாமல் வெட்ட, நாற்பது சமிக்கிகள் ஒரே இழுப்பில் உதிர்ந்தன. 1920களின் மணி கோத்த கவுன்களை அருங்காட்சியகங்களில் அவ்வளவு பதமாகக் கையாள்வதன் காரணம் எனக்கு அப்போது கையில் புரிந்தது.

ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சேன் லோரான் 1988இல் காட்டிய, வான்கோவின் ஐரிஸ் மலர்கள் பூத்த ஜாக்கெட்டுக்கு பாரிஸின் லெசாஜ் எம்பிராய்டரி கூடத்தில் சுமார் 600 மணி நேரம் தைத்தார்களாம். என் நான்கு அங்குலத்துக்கே பதினோரு மணி நேரம். அந்த உடையை அணிந்தவர்களைவிட, நாள்கணக்கில் கவிழ்ந்த துணியையே பார்த்திருந்த அந்தத் தையல்காரிகளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பாரிஸில் அவர்களை 'சின்னக் கைகள்' என்றே அழைக்கிறார்கள். லெசாஜ் குடும்பத்தின் ஜான் ஃபிரான்சுவா 1990களில் நம் சென்னையிலும் ஒரு எம்பிராய்டரி கூடம் தொடங்கினார். போன கொக்கி திரும்பி வந்த வழி என்று அதை நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது முடிச்சு நேற்று இரவு முடிந்தது. வால் சரியான பக்கம் இருக்கிறது. நடுவில் இரண்டு சமிக்கிகள் மட்டும் குப்புற விழுந்திருக்கின்றன, பிரிக்கப் போவதில்லை. அடுத்து 'டல்' என்ற வலைத் துணியில் முயல வேண்டும். கண்ணி பெரியது, நூல் எங்கே பிடிக்கும் என்று பார்க்க வேண்டும்.