பென்சிலில் இருந்த சனிக்கிழமைகள்

சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி எழுத வரவில்லை, ஓர் அரசுக் கலையரங்கத்தின் புக்கிங் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்த கதையை எழுத வந்தேன். ஆனாலும் அதில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தாத்தா 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, நீலகிரிக்கு வந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அவருக்கும் பாட்டிக்கும் பெயர் விழுந்தது. பந்தலூர் பக்கம் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மாசியில் பிறை கண்டதும் கம்பம் ஊன்றுவோம். பௌர்ணமி இரவில் ரதி அழுவாள், மன்மதன் எரிவான், தப்பு மேளச் சத்தம் விடியும்வரை ஓயாது.

2023இல் எங்கள் கூத்துச் செட்டுக்கு ஓர் ஆசை வந்தது. விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, மேலே இருக்கும் அரசுக் கலையரங்கத்தில் ஒரு நாள் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்ட வேண்டும். எந்த அரங்கம், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அரசுக்குச் சொந்தமானது, மாவட்டத்துக்குள் இருக்கிறது, அது போதும். அங்கே வேலை செய்பவர்களில் சிலர் இன்றைக்கு என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார்கள்.

போன் பண்ணினோம். “சனி ஞாயிறெல்லாம் புக் ஆயிடுச்சு தம்பி.” எந்த மாதம் என்று கேட்டேன். “எல்லா மாசமும்தான்.” வாடகை என்ன என்று கேட்டால் போனில் ஒரு தொகை, நேரில் போனால் இன்னொரு தொகை. நடனப் பள்ளி வைத்திருக்கும் நண்பர் தான் கட்டியதாகச் சொன்னது மூன்றாவது தொகை. ஒரு சனிக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்தேன். வாசலில் தள்ளுபடி விற்பனை பேனர். உள்ளே மேடைமேல் செருப்பு அட்டைப்பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். கீழே நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு பெட்ஷீட் வியாபாரம். வியாபாரி மேல் எனக்குக் கோபமில்லை, நானும் ஒரு போர்வை வாங்கித்தான் வந்தேன். அந்த வாரக் குளிருக்கு அது தேவைப்பட்டது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று சொன்னது எங்கள் மாஸ்டர் மாமா. கூத்து கற்றுக்கொடுப்பவரை லயத்தில் மாஸ்டர் என்போம். எனக்கு அம்மா வழியில் மாமா முறை. வேலை நீங்கியபோது வர வேண்டிய பணம் இழுத்தடித்ததை அவர் அந்தச் சட்டத்தை வைத்துத்தான் வாங்கினார். 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் இருக்கும் சட்டம். தனிப் படிவம் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். நம் மாநிலத்தில் கட்டணம் 10 ரூபாய். கூடலூர் கோர்ட் பக்கம் போய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் வாங்கி மனுவில் ஒட்டினேன்.

இங்கேதான் முதல் தப்பைச் செய்தேன். கோபத்தில் எழுதிய மனு அது. “உள்ளூர்க் கலைஞர்களுக்கு அரங்கம் ஏன் மறுக்கப்படுகிறது? வெளியூர் வியாபாரிகளுக்கு மட்டும் எந்த நியாயத்தில் தருகிறீர்கள்? கலையை வளர்ப்பது அரசின் கடமை இல்லையா?” இப்படி ஆறு கேள்வி. எழுதி முடித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. போதாக்குறைக்கு அதைத் தப்பான அலுவலகத்துக்கு வேறு அனுப்பினேன். கட்டடம் ஒரு துறையுடையது, புக்கிங் பார்ப்பது இன்னொரு அலுவலகம் என்பது எனக்குத் தெரியாது. தப்பான இடத்தில் கொடுத்தாலும் 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறது பிரிவு 6(3). மாற்றினார்கள். 5 நாளில் இல்லை, ஆனால் மாற்றினார்கள்.

ஜூலைக் கடைசியில், மழை பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், நனைந்த கவரில் பதில் வந்தது. நாலே வரி. தாங்கள் கோரியவை ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது, விளக்கமோ கருத்தோ அளிக்க வழியில்லை.

கொதித்துப்போய் மாமாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “அவன் சொல்றது சரிதான்டா” என்றார்.

சரிதான். இந்தச் சட்டம் நமக்குக் கொடுப்பது தாளைப் பார்க்கும் உரிமை. கோப்பில் எழுதிவைத்திருக்கும் காரணத்தைக் கேட்கலாம். எழுதாத காரணத்தை யோசித்துச் சொல்லச் சொல்லி அதிகாரியைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 2011இல், விடைத்தாள் நகல் கேட்ட மாணவர் வழக்கில், இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. (அதே தீர்ப்பு அந்த மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. தாள் இருந்தது, அதனால் பார்க்கலாம்.) என் ஆறு கேள்விக்கும் பின்னால் எந்தத் தாளும் இல்லை. அதிகாரி மறுத்ததில் குற்றமில்லை.

“ஏன்னு கேக்காத. எந்த நோட்டுல எழுதியிருக்குன்னு கேளு” என்றார் மாமா. அரங்கம் என்றால் புக்கிங் பதிவேடு இருக்கும், பணம் வாங்கினால் ரசீதுப் புத்தகம் இருக்கும், வாடகை நிர்ணயித்தால் ஓர் உத்தரவு இருக்கும், வாடகைக்கு விட்டால் நிபந்தனைத் தாள் இருக்கும். அப்படி யோசித்துப் பார்த்ததும் மனு தானாக வந்தது. ஆகஸ்டில் அனுப்பிய இரண்டாவது மனுவில் நாலே விஷயம். நடப்பில் உள்ள வாடகை உத்தரவின் நகல். வாடகை நிபந்தனைகளின் நகல். 1.1.2023 முதல் 31.7.2023 வரை புக்கிங் பதிவேட்டின் பக்கங்கள். அதே காலத்தில் சலுகை வாடகையில் அரங்கம் பெற்றவர்களின் விவரம். கடைசியில் ஒரு வரி: பிரிவு 2(ஜெ)யின்படி மேற்படி பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி வேண்டும். எதற்காகக் கேட்கிறேன் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) இருக்கிறதே, நாமாக ஏன் சொல்ல வேண்டும்? பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அந்த அட்டை திரும்பி வந்ததும் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் நாள் கணக்கு பேசும்போது அதுதான் கைகொடுத்தது.

30 நாள் கெடு. 36வது நாள் பதில் வந்தது. முதல் இரண்டும் “பரிசீலனையில் உள்ளது”. பதிவேடு மட்டும், மூன்றாம் நபர் தகவல் என்பதால், தனிப்பட்ட விவரங்களுக்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(ஜெ)யின்படி மறுக்கப்படுகிறது. செருப்புக் கடைக்காரரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம்!

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. மறுப்பு எழுத்தில் வந்தால் அதன்மேல் ஏறி நிற்கலாம் என்பது அதற்குள் புரிந்திருந்தது. முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள் போட வேண்டும், அதே அலுவலகத்தில் மேல்நிலையில் உள்ள அதிகாரிக்கு. கட்டணம் கிடையாது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பதில் கெடு தாண்டி வந்தது. மூன்றாம் நபர் கொடுத்த ரகசியத் தகவல் என்று கருதினால் 5 நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி அவர் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும், பிரிவு 11. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போன் நம்பரும் வீட்டு விலாசமும் தான் பிரச்சினை என்றால் அதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரலாம், பிரிவு 10. கடைசியாக எனக்கு மிகவும் பிடித்தது: சலுகை பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட்டு வைக்க வேண்டும் என்று 4(1)(பி)யிலேயே பதின்மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. நான் கேட்டதே அதிகப்படி, அவர்கள் சுவரில் ஒட்டியிருக்க வேண்டியது.

நவம்பர் தொடக்கத்தில் கூப்பிட்டார்கள். மேல்முறையீட்டு அலுவலர் ஒரு மேடம். என் மனுவை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார், அதுவே எனக்கு ஆச்சரியம். எனக்கு மறுப்பு எழுதிய அலுவலர் பக்கம் திரும்பி, “வாசல்ல பேனர் கட்டி விக்கிறவங்க பேரு எப்படி சார் பர்சனல்?” என்று ஒரே கேள்வி. பத்து நிமிடத்தில் முடிந்தது. பதிவேட்டைக் காட்டவும், உத்தரவும் நிபந்தனைகளும் தரவும் எழுத்தில் ஆணை. இங்கே நடக்காமல் போயிருந்தால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போயிருக்க வேண்டும். அதற்கெல்லாம் மாசி காத்திருக்காது.

பதிவேட்டைப் பார்க்கப் போன நாள் மதியம் பன்னிரண்டுக்கே மூடுபனி. அலுவலகத்தில் லைட் போட்டிருந்தார்கள். எழுத்தர், என் வயதுதான் இருக்கும், நீளமான சிவப்பு முதுகுப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அலட்டல்தான்.

பக்கத்துக்கு ஐந்து கட்டம்: தேதி, யார், எதற்கு, ரசீது எண், தொகை. ஜனவரி, பிப்ரவரி புரட்டும்போது ஒன்றும் தோன்றவில்லை. விற்பனை, விற்பனை, ஒரு கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா, விற்பனை. எல்லாம் நீல மையில், எல்லாவற்றுக்கும் ரசீது எண். மார்ச்சில்தான் கவனித்தேன். சில சனிக்கிழமைகளில் எழுத்து மங்கலாக இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பென்சில். “பிளாக்” என்று ஒரு சொல், பக்கத்தில் யாரோ ஒருவரின் இனிஷியல். ரசீது எண் கிடையாது, தொகை கிடையாது. ஏப்ரலில் அப்படி மூன்று. ஜூனிலும் ஜூலையிலும் கிட்டத்தட்ட எல்லா வார இறுதியும். சில இடத்தில் பென்சிலை அழித்துவிட்டு மேலே மையில் வியாபாரி பெயர். சில இடத்தில் பென்சில் பென்சிலாகவே நாள் கடந்துபோயிருந்தது. அந்த நாட்களில் அரங்கம் பூட்டிக் கிடந்திருக்கிறது. எங்களுக்கு “புக் ஆயிடுச்சு” என்று சொன்ன நாட்களில் இரண்டு அதில் இருந்தன.

எழுத்தரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னங்க?”

“யாராவது பெரிய பார்ட்டி கேட்டா வேணும்ல அண்ணே. அதுக்கு வெச்சிருக்கிறது.”

ஊழல் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் கைமாறியதற்கு எந்தத் தாளும் நான் பார்க்கவில்லை, பார்க்காததை எழுத மாட்டேன். வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்தால் எங்களைப் போல எத்தனை பேர் போனிலேயே திரும்பியிருப்பார்கள்!

செல்போனில் படம் எடுக்கக் கேட்டேன், முடியாது என்றார். சண்டை போடாமல் குறிப்பெடுத்துக்கொண்டு, வேண்டிய பக்கங்களைச் சான்றிட்ட நகலாகக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கையால் எடுத்த குறிப்பை “நீயே எழுதினது” என்று சொல்லிவிடலாம், சான்றிட்ட நகலை அப்படிச் சொல்ல முடியாது. 18 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 36 ரூபாய். கெடு தாண்டிய பதிலுக்கு நகல் இலவசமாகத் தர வேண்டும், 7(6). இதை எடுத்துச் சொன்னபோது அலுவலர் முகம் போன போக்கைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டேன். மாமா இன்றும் அதற்காகத் திட்டுகிறார். ஆனால் 36 ரூபாய்க்கு இன்னொரு மேல்முறையீடு போட்டால், மேலே போய்வர பஸ் டிக்கெட்டே அதைவிட அதிகம்.

வாடகை உத்தரவில் இன்னொரு சங்கதி இருந்தது. நாட்டுப்புறக் கலைக்குழுக்களுக்குப் பாதி வாடகை என்று தெளிவாக ஒரு வரி. அப்படி ஒரு வரி இருப்பது மாவட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கும் தெரியாது. நாலாவது கேள்விக்கு, சலுகை பெற்றவர்கள் யார் என்பதற்கு, வந்த பதில் “இல்லை”. கேட்டால்தானே கொடுப்பார்கள், தெரிந்தால்தானே கேட்பார்கள்.

டிசம்பரில் புக்கிங் கடிதம் கொடுத்தபோது உத்தரவின் நகலையும், பென்சில் பக்கங்களில் ஒன்றையும் பின்னால் இணைத்தேன். தேதி கிடைத்தது, 2024 மார்ச்சில் ஒரு ஞாயிறு. பாதி வாடகை, ரசீது எண்ணோடு.

இனி நிபந்தனைத் தாள். ஆறு மாதம் அலைந்து வாங்கியதை, தேதி கிடைத்த சந்தோஷத்தில் யாரும் படிக்கவில்லை. ஒத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். பதினோராவது நிபந்தனையில் நிறுத்தினார். மேடையில் நெருப்பு, தீபந்தம், பட்டாசு எதையும் பயன்படுத்தக் கூடாது.

மன்மதனை எரிக்காமல் காமன் கூத்து கிடையாது.

“நீதான கேட்டு வாங்கின” என்றார் என்னைப் பார்த்து. கடைசியில் சிவப்பு ஜிகினாத் தாளை நீளமாகக் கிழித்து, இரண்டு டேபிள் ஃபேனை மல்லாக்கப் படுக்கவைத்து, அதன்மேல் கட்டி விட்டோம். தாள் படபடவென்று மேலெழும்ப, சிவப்பு லைட்டில் மன்மதன் விழுந்தான். முன்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள். மாமா மட்டும் தப்பு மேளத்தை அணைத்துப் பிடித்தபடி கடைசிவரை அந்த ஃபேனை முறைத்துக்கொண்டே இருந்தார்.