டர்பன்ல ஊத்துன ஆடிக்கூழ்

தென்னாப்பிரிக்கால இருக்குற டர்பன்லேருந்து லீவுக்கு ராயபுரம் வந்ததுலேருந்து பார்க்குறவங்கெல்லாம் கேக்குறது ஒண்ணே தான், அங்க எப்டிமா இருக்கீங்க, பயமா இல்லயா, சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க. பக்கத்து வூட்டு ஆயா, ரோட்ல சிங்கம் வருமாடின்னு கேட்டாங்க. சிங்கம் இல்ல ஆயா, கொரங்கு தான் வரும்னேன். நெஜமாவே டர்பன்ல எங்களுக்கு தினம் அது கூட தான் பாடு. சாம்பல் ஒடம்பு, கருப்பு மூஞ்சி, கும்பலா மதில் மேல வரும், சமையக்கட்டு ஜன்னல் ஒரு சாண் தொறந்திருந்தா போதும். ஒரு நாள் வந்து பாக்குறேன், பாத்திரம் கழுவுற தொட்டி மேல ஒண்ணு ஒக்காந்துகினு பிரெட் பாக்கெட்டு முடிச்ச பொறுமையா அவுக்குது, கிழிக்கல, அவுக்குது, வயித்துல குட்டி தொங்கிகினு அதையே உத்து பாக்குது. நான் வாசல்லயே நின்னுட்டேன். எங்க வூட்டுக்காரரு பின்னாடி வந்து "விடுமா, எடுத்துட்டு போவட்டும்"னு சொன்னாரு.

அவருக்கு வேலை அங்க ஹார்பர்ல, தண்டையார்பேட்டை ஆளு, இங்கயும் ஹார்பர் தான் பார்த்தாரு, அதனால கன்டெய்னரும் கிரேனும் பழகுனது தான். நான் தான் ஊரு சுத்துறவ. ஷேர் ஆட்டோ மாதிரி அங்க மினிபஸ் டாக்ஸி, டிக்கெட்லாம் கெடயாது, பின் சீட்லேருந்து காசு கை மாறி கை மாறி முன்னாடி போகும், டிரைவர் பக்கத்துல யாரு ஒக்காருறாங்களோ அவங்க தான் கணக்கு பார்த்து சில்லறை திருப்பி அனுப்பணும், முன் சீட்டு கெடச்சா கண்டக்டர் வேலையும் நம்மளுது. சிக்னல அங்க ரோபோன்னு தான் சொல்வாங்க, "ஆஃப்டர் ரோபோ"ன்னு கத்துனா தாண்டி நிறுத்துவான். இருட்டுனப்புறம் வெளிய நடக்கறதில்ல, அது அங்க எல்லாருமே பாக்குற ஜாக்கிரதை. 2023ல கரண்டு டைம்டேபிள் போட்டு ரெண்டு ரெண்டு மணி நேரமா போகும், அத பார்த்து தான் மாவு அரைக்கறதே.

டர்பன் டவுன்ல வார்விக்னு ஒரு எடம், அங்க காலை மார்க்கெட் ஒண்ணு இருக்கு, 1910லேருந்து நடக்குது, கத்திரிக்கா, கொத்தமல்லி, உயிர் கோழி எல்லாம் கெடைக்கும். ஆனா எனக்கு உயிர் வர்றது ஜூன், ஜூலைல தான். நாட்டோட தெக்கு கோடில கேப் பக்கத்து குளுந்த தண்ணிலேருந்து மத்தி மீனு கூட்டங்கூட்டமா கரைய ஒட்டி வடக்க ஏறி வரும், மேல பறவை வட்டம் போட்டா ஜனம் பக்கெட்ட தூக்கிகினு பீச்சுக்கு ஓடும். நம்ம கரைவலை தான் அங்கயும், படகுல வலைய வளைச்சு விட்டு ரெண்டு பக்கமும் கரைலேருந்து இழுக்குறாங்க. அந்த தொழில தலைமுறை தலைமுறையா பண்ணிட்டு வந்ததுல நம்ம ஜனங்க நெறய பேரு. எங்க தாத்தா காசிமேட்டுல கரைவலை இழுத்தவரு, நான் அங்க மொதல் தடவ பார்த்தப்ப தொண்டை அடைச்சுகிச்சு, பேச முடியல.

இப்ப கூழுக்கு வரேன். போன வருசம் ஆடில எதுத்த வூட்டு ஆன்ட்டி கூப்ட்டாங்க, டர்பன் ஓரமா நம்ம ஜனங்க நெறய இருக்குற சாட்ஸ்வொர்த்ல அவங்க அக்கா வூட்ல "பாரிட்ஜ் பிரேயர்"னு. போய் பார்த்தா மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறாங்கங்க! வேப்பிலை, மஞ்சத்தண்ணி, வாசல்ல காமாட்சி விளக்கு. அங்க ஆடி மாசம் குளிர் காலம், எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுகினு. கேவுரு இல்ல, மக்காச்சோள மாவ கரைச்சு ராவே புளிக்க வச்சு காய்ச்சுறாங்க, கூட பூசணிக்கா கறி, கருவாடு. பாட்டிய ஆயான்னு தான் கூப்புடுறாங்க. ஆன்ட்டி சொம்புல ஊத்தி நீட்டுனாங்க, வாய் வச்சதும் அந்த புளிப்பு அப்படியே கல்மண்டபம் கூழு தான்.

நம்ம ஜனங்க அங்க போன கதை இது தான். 1860 அக்டோபர்ல ட்ரூரோன்னு ஒரு கப்பல் மெட்ராஸ்லேருந்து கெளம்பி நவம்பர் 16 டர்பன்ல கரை சேர்ந்தது, 342 பேரு, கரும்பு தோட்டத்துக்கு ஒப்பந்த கூலியா. அப்ப நம்ம ஊர்ல ஹார்பரே கெடயாது, மசூலா படகுல அலைய தாண்டி போய் தான் கப்பலேறணும். ராயபுரம் ஸ்டேஷன் தொறந்து நாலே வருசம் ஆயிருந்துது. 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போனாங்க, அதுல பெரும்பாலானவங்க மெட்ராஸ்ல ஏறினவங்க. அப்புறம் நிறவெறி ஆட்சில இன்ன இனம் இன்ன எடத்துல தான் இருக்கணும்ங்குற 1950 சட்டத்த வச்சு, அவங்கள இருந்த எடத்துலேருந்து பேர்த்து சாட்ஸ்வொர்த்துல கொண்டு போய் போட்டாங்க, கூட்டுக் குடும்பம் செதறுச்சு, ஸ்கூல் இங்கிலீஷ்ல, தமிழ் பேச்சு போயிடுச்சு.

இங்கேருந்து வேலைக்கு வர்ற நம்மாளுங்க சில பேரு அவங்கள பார்த்து "தமிழே தெரியாது, இவங்க இன்னா தமிழு"ன்னு பேசுறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். நூத்தறுவது வருசமா கடலுக்கு அந்தாண்ட ஆத்தாளுக்கு கூழ் ஊத்துறத விடாம பிடிச்சுகினு இருக்குறவங்கள எடை போட ஃப்ளைட்ல வந்த நம்ம யாரு? அவரும் நானும் இதுல ஒரே கட்சி, ஆபீஸ்ல இவரு இதுக்காக சண்டையே போட்டிருக்காரு.

அன்னிக்கி பூசை முடிஞ்சு ஆன்ட்டி ஒரு பேப்பர் காட்டுனாங்க. கப்பல் லிஸ்ட்டுலேருந்து எடுத்த நகலு, அவங்க கொள்ளுத்தாத்தாவோடது. நம்பரு, பேரு, அப்பா பேரு, வயசு, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா குடியாத்தம்னு இருக்கு. ஊரு பேரு மட்டும் வெள்ளக்காரன் காதுல வுழுந்தத எழுதி வச்சுருக்கான், அதுலயும் முன்னாடி எழுத்து தேஞ்சு போச்சு, கடைசில "பட்டு"ன்னு முடியறது மட்டும் தெரியுது. "அந்த ஊரு இன்னும் இருக்குமா?"ன்னு கேட்டாங்க. அந்த பக்கம் பட்டுன்னு முடியற ஊரு எத்தனையோ இருக்கு. நகல் என் பையில தான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம காலைல அவரும் நானும் சென்ட்ரல்ல ட்ரெயின் புடிக்குறோம். குடியாத்தம் பக்கம் பழைய ஆளுங்க, கிராம கணக்கு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, போய் பாக்குறோம்.